பூஜ்ஜியத்துக்குப் பிறகு ஐம்பது

என் கணவர் மயில்சாமிக்குப் பண்ணாரி அம்மன் மேல் நம்பிக்கை உண்டு. வானிலை அறிக்கை மேல்கூட ஓரளவு உண்டு. வண்டியில் பெட்ரோல் தீரப்போகிறது என்று எரிகிற விளக்கின் மேல் மட்டும் கடுகளவும் கிடையாது. அந்த விளக்கு எரிந்தால் மற்றவர்கள் பங்க்கைத் தேடுவார்கள். இவர் பாட்டைச் சத்தமாக வைப்பார்.

"அது சும்மா பயம் காட்டுது அம்மிணி. இன்னும் அம்பது கிலோமீட்டர் போலாம்" என்பார்.

கல்யாணமான புதிதில் எங்களிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. ரிசர்வும் தீர்ந்து நடுவழியில் நின்றால் என்னை இறங்கச் சொல்லுவார். வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, நிமிர்த்தி, ஒரு உதை விடுவார். அது இருமிக்கொண்டு கிளம்பிவிடும். உடனே என் பக்கம் திரும்பி "பாத்தியா?" என்பார். எங்கள் இத்தனை வருடக் குடும்பமும் அந்த ஒரு "பாத்தியா?"வில்தான் ஓடியிருக்கிறது. கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்த நாட்கள் உண்டு. 

நான் அவருக்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். டேங்க் பாதிக்கு இறங்கினாலே பங்க்குக்கு ஓடுவேன். நிரப்பினால்தான் அன்று தூக்கம். "வளர்மதி டீச்சர் பங்க்குக்கு வர்றதைப் பாத்தா யாரோ துரத்துறாப்பல இருக்குது" என்று பங்க்காரர் கேலி பேசுவார். அந்தப் பங்க்காரருக்கும் அவருடைய பங்க்குக்கும் ஆயுள் அவ்வளவுதான் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

நாங்கள் இருப்பது தாளவாடி. மலைமேல் ஊர். கீழே சமவெளியில் எல்லோரும் மின்சார வண்டிக்கு மாறிய பின்பு பங்க்குகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. எங்கள் மலையில் கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம் என்பதால், கரும்பிலிருந்து எடுக்கிற எத்தனாலில் ஓடுகிற காரைத்தான் பலரும் வைத்திருந்தோம். பழக்க தோஷத்தில் அதையும் பெட்ரோல் என்றே சொல்வோம். எங்கள் ஊர் பங்க் போன வருடம் மூடியது. அதன் பிறகு, காட்டுவழியே ஆசனூர் கடந்து, திம்பம் ஏறி, அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பண்ணாரிக்குப் போனால்தான் டேங்க் நிரப்ப முடியும்.

எங்கள் கார் மூன்று வருடத்துக்கு முன்பு வாங்கியது. அதில் முள் கிடையாது. திரையில் "மிச்சம்" என்று போட்டு இத்தனை கிலோமீட்டர் என்று ஓர் எண் வரும். எண் குறையக் குறைய கார் பேசவும் செய்யும். என்னிடம் பேசும்போது அதன் குரல் இதமாக இருக்கும். "நிதானமாகப் போகலாம், பயப்பட வேண்டாம்" என்று சொல்லும். அவரிடம் மட்டும் கறாரான வாத்தியார் குரல். "உடனே நிரப்பவும். இதற்கு மேல் ஓட்டுவது ஆபத்து" என்று அதட்டும். ஒரே காருக்கு எதற்கு இரண்டு குரல் என்று எனக்குப் புரியவில்லை. என் தம்பி நவநீதன்தான் விளக்கினான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பியைத்தான் பிள்ளை மாதிரி வளர்த்தோம். இந்த மாதிரித் திரைகளுக்குக் கணக்கு எழுதுகிற கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை.

மாட்டுப்பொங்கல் அன்று இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் தன் வீரப்பிரதாபத்தை எடுத்து விட்டார்.

"மாப்ள, உன்ற கம்பெனிக் கணக்கு சுத்த ஏமாத்து. நேத்து பூஜ்ஜியம்னு காட்டுன பொறவு பண்ணாரி பங்க் வரைக்கும் போய்ச் சேந்தேன், தெரியுமா?"

நவநீதன் சிரித்தான். "தெரியுமுங்க மச்சான். ஏமாத்துத்தான். உங்களுக்குன்னே வெச்ச ஏமாத்து."

"என்றா சொல்ற?"

"மொத வருசம் உள்ளதை உள்ளபடி காட்டுனோமுங்க. அந்த வருசந்தான் ரோட்டுல நின்ன வண்டி அதிகம். பூஜ்ஜியம்னு காட்டுனாலும் நம்மாளுங்க நிறுத்தறதில்ல. உள்ள கொஞ்சம் மறைச்சு வெச்சிருப்பான்னு அவங்களா கூட்டிக்குவாங்க. மலைரோட்டுல நட்டநடு வளைவுல நின்னு, பின்னாடி வந்தவன் இடிச்சு உசுரே போயிருக்குது. அதனால இப்ப ஆளைப் பாத்துக் காட்டுது. உங்களை மாதிரி ஆளுக்கு அம்பது கிலோமீட்டர் மிச்சம் இருக்கையிலயே பூஜ்ஜியம்னு சொல்லிரும்."

"அப்ப உங்கக்காளுக்கு?"

"அக்காவுக்கு அப்பிடிக் குறைச்சுக் காட்டுனா வண்டியை எடுக்கவே எடுக்காது. அதுக்குக் கூட்டித்தான் காட்டும். தெம்பா ஓட்டோணுமில்ல? எண்ணு குறையக் குறையக் கூட்டுனதைக் கழிச்சுட்டே வந்து, கடைசில சரியாக்கிரும். அக்காவுக்குப் பூஜ்ஜியம்னா பூஜ்ஜியந்தான். அதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல. ஆனா அக்கா எந்தக் காலத்துல பூஜ்ஜியத்தைப் பாத்திருக்குது?"

எனக்குக் கோபம் வந்தது. ரசம் ஊற்றப் போன கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன்.

"நெசக் கணக்குன்னு ஒண்ணு இருக்குமில்லடா? அது எங்க?"

"உள்ளதான் இருக்குது. யாருக்கும் காட்டாது."

"இது மோசடி இல்லையா?"

"கல்யாணத்துக்கு முந்நூறு பேர் வருவாங்கன்னா சமையக்காரர்கிட்ட நீ எத்தனை சொல்லுவ? இருநூத்தம்பதுன்னு சொல்லுவ. நீ குறைச்சுத்தான் சொல்லுவேன்னு அவருக்குத் தெரியும், அவர் முந்நூறுக்கு உலை வெப்பார். யாரு மோசடி பண்ணுனாங்க? சோறு பத்துச்சா இல்லையா, அதான் கணக்கு."

"யார் ஓட்டறாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார்.

"சீட்டே சொல்லிருமுங்க. உக்கார்ற எடை, சாயற விதம், பெடலை மிதிக்கற வேகம். நீங்க ஏறுனா மிதிக்கற மிதியில அதுக்குத் தெரிஞ்சு போகும், தறுதலை வந்தாச்சுன்னு."

அவர் இலை அதிரச் சிரித்தார். அவருக்கு அன்று ராஜமரியாதை கிடைத்த மாதிரி. இத்தனை காலமும் தான் சொன்னதைக் கம்பெனிக்காரனே வீட்டுக்கு வந்து ஒப்புக்கொண்டுவிட்டான். என் பக்கம் திரும்பினார். என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். "பாத்தியா?" என்றார்.

அன்று முதல் அவருக்குப் பூஜ்ஜியம் என்பது ஐம்பது ஆகிவிட்டது. சங்கதி ஊரில் பரவி, எல்லாரும் அவரவர் ஐம்பதை அவரவரே கூட்டிக்கொண்டார்கள். திரையில் வருகிற எண்ணை எவரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. கணக்கு டீச்சராக எனக்கு அது பெரிய வேதனை. எண்ணுக்குக்கூட முகத்தாட்சண்யம் வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்லிக் கொடுப்பது?

ஆடி மாதத்தில் அவருக்குச் சோறு இறங்காமல் போனது. முதலில் ஆடிக்காற்று என்றோம், பிறகு அலைச்சல் என்றோம். முட்டைக்கோஸ் வியாபாரம், தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிற பிழைப்பு, அலைச்சலுக்குப் பஞ்சமில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். பிறகு இன்னும் ஒன்று. தராசுத் தட்டு மாதிரி அகன்ற மனிதர், சட்டைக்குள் தேடினால்தான் கிடைப்பார் என்று ஆனார். வயிற்றில் வலி வந்தால் காட்டிக்கொள்ள மாட்டார். காரை மட்டும் மெதுவாக ஓட்ட ஆரம்பித்தார். ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை விலாவில். நான் ஓட்டுகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டேன்.

"ஸ்டீயரிங்கையும் நீ புடுங்கிட்டீன்னா அப்புறம் நான் என்னத்துக்கு அம்மிணி இருக்கறது?" என்றார். அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்து பார்த்தோம். கணையத்தில் கட்டி. அங்கே நோயாளியைத் தனியாக ஒரு அறைக்கு அழைத்துத் திரையில் காட்டித்தான் பேசுவார்கள், அது அவர்கள் வழக்கம். நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். அவர் வெளியே வந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"ரெண்டு வருசம் தைரியமா ஓட்டலாமாம்" என்றார்.

அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெசிந்தாவிடம் நேராகப் போய் நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு வருடம் என்ற எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். தினமும் காலையில் அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளைக் கழித்துக்கொண்டு எழுந்தேன்.

மருந்து அவருக்கென்றே செய்வது. அவருடைய ரத்தத்தை எடுத்து, அதிலிருந்து அணுக்களைப் பிரித்து, கட்டியை அடையாளம் காணப் பழக்கித் திரும்பவும் அவர் உடம்பிலேயே ஏற்றுவார்கள். பெங்களூரில் தயாராகி வரும். வந்த அன்றைக்கே பிற்பகல் மூன்று மணிக்குள் ஏற்றியாக வேண்டும். தவறினால் அணுக்கள் செத்துவிடும், பிறகு ரத்தம் எடுப்பதிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இதையெல்லாம் டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்.

அந்த நாளும் வந்தது. காலைப் பலகாரம் முடித்துக் கிளம்பினோம். அவர் வழக்கம்போல் டிரைவர் சீட்டில் ஏறினார். ஏறுவதற்கே கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. திரையில் "மிச்சம்" முப்பத்தைந்து என்று வந்தது.

"ஏனுங்க, இதென்ன முப்பத்தஞ்சு? முந்தாநாளே நிரப்பச் சொன்னனே!"

"முப்பத்தஞ்சும் அம்பதும் எத்தனை டீச்சரம்மா?"

"எம்பத்தஞ்சு."

"திம்பம் வரைக்குந்தான் மிதிக்கோணும். அங்க போயிட்டா பொறவு எறக்கம். நியூட்ரல்ல போட்டாக்கூட உருண்டே பண்ணாரி போயிரும். அங்க பங்க்ல ரொப்பிக்கலாம். எதுக்கு இப்பவே மூஞ்சியைத் தூக்கி வெக்கற?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. தம்பியே சொன்ன ஐம்பது. பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு கேன் வாங்கி ஊற்றலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் அன்று காலையில் அவர் இரண்டு இட்லி முழுதாகச் சாப்பிட்டிருந்தார். வெகுநாள் கழித்து என்னைக் கேலி செய்கிற தெம்பு அவருக்கு வந்திருந்தது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. போகலாம் என்றேன்.

ஆசனூர் தாண்டினால் யானைகள் கடக்கிற இடம். அங்கே வண்டிகளைத் தனித்தனியாக விட மாட்டார்கள். கேட்டில் நிறுத்திச் சேர்த்து, கூட்டமாக அனுப்புவார்கள். அந்தக் கூட்டம் போய்ச் சேர்ந்து, எதிர்க்கூட்டம் வந்த பின்புதான் அடுத்தது. எங்கள் கூட்டத்தில் அவர்தான் கடைசி. முன்னால் போன வண்டிகள் ஒவ்வொன்றாக மூடுபனிக்குள் மறைந்தன. அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஓட்டினார். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

திரையில் எண் பத்துக்கு வந்தபோது கார் பேசியது. "நிதானமாகப் போகலாம். பயப்பட வேண்டாம். வசதிப்படும்போது நிரப்பிக்கொள்ளலாம்."

இதமான குரல். அவர் புருவத்தைத் தூக்கினார். உடம்பு முடியாமல் போன பிறகு எண் இவ்வளவு இறங்க நான் விட்டதில்லை, அதனால் அவர் அந்தக் குரலைக் கேட்டிருக்கவில்லை.

"அட, பாரு! வையாம விட்டுருச்சு. சீக்காளின்னு காருக்குக்கூடத் தெரிஞ்சு போச்சு போல."

நானும் சிரித்தேன். பொருளுக்கும் ஈரம் இருக்கிறதே என்றுகூடத் தோன்றியது. அது எனக்குப் பேசுகிற குரல் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

திம்பத்துக்கு முன்னால் கடைசி ஏற்றம். மேலே செக்போஸ்ட்டின் தகரக் கூரை பனிக்குள் மங்கலாகத் தெரிந்தது. அந்த ஒரு வளைவைத் தாண்டிவிட்டால் அப்புறம் இறக்கம்தான். திரையில் எண் பூஜ்ஜியத்துக்கு வந்தது. அவர் வழக்கம்போல் பாட்டுச் சத்தத்தைக் கூட்டக் கையை நீட்டினார். கை அங்கே போய்ச் சேர்வதற்குள் இஞ்சின் இரண்டு தரம் குலுங்கி அடங்கிவிட்டது.

அவர் பிரேக்கை மிதித்தபடி சாவியைத் திருகினார். மறுபடி திருகினார். நான் கீழே இறங்கி, பின்னால் போய்த் தள்ளிப் பார்த்தேன். பிரேக்கை அவர் விட்டதும் கார் என் மேலேயே சாய்ந்தது. வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே அவர் பிரேக்கைப் போட்டார். சக்கரத்துக்கு அணையாகக் கல்லை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்கு மூச்சு வாங்கியது.

"ஒரு பக்கமாப் படுக்க வெக்க முடிஞ்சா நல்லாருக்கும்" என்றார்.

அப்போதுதான் கார் பேசியது. நடுவழியில் நின்றுவிட்டால் மட்டும் அது ஓட்டுகிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் போலிருக்கிறது. அதற்கு முன்பு நாங்கள் எங்கும் நின்றதில்லை.

"பயப்பட வேண்டாம், வளர்மதி. உதவிக்குச் சொல்லிவிட்டேன். பண்ணாரியிலிருந்து வண்டி வரும். கதவைத் திறக்காமல் உள்ளேயே இருங்கள், வளர்மதி."

"நான் பக்கத்து சீட்லதான உக்காந்திருக்கறேன்" என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு ஸ்டீயரிங் மேல் இருந்த தன் கைகளைப் பார்த்தார். மணிக்கட்டில் கடிகாரம் முழங்கை வரை போய் வருகிற அளவுக்குத் தொளதொளத்துக் கிடந்தது. நான் தோலும் எலும்புமான ஆள். கல்யாணத்தில் என்னை ஒரே கையில் தூக்கி மணவறையில் உட்கார வைத்ததாக அவர் வீட்டில் இன்றைக்கும் பேசுவார்கள்.

"அம்மிணி, நான் உன்ற எடைக்கு வந்துட்டனா?" என்றார்.

 அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கார் அவரை நான் என்று நினைத்துவிட்டது. என்னுடைய எடை, என்னுடைய மெதுவான மிதி. எனக்குரிய எண்ணைத்தான் அவருக்குக் காட்டியிருக்கிறது. எனக்குப் பூஜ்ஜியம் என்றால் பூஜ்ஜியம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அடுத்த கூட்டத்தை விடவில்லை. பக்கத்தில் யானைகள் ரோட்டில் நிற்கின்றன என்று கார் சொன்னது, செக்போஸ்ட் வரை நடந்து போகவும் வழியில்லை. மணி நகர்ந்துகொண்டே இருந்தது. பெங்களூரிலிருந்து வந்த அந்தச் சிறிய மருந்துப் பை இந்நேரம் ஆஸ்பத்திரியில் குளிர்பெட்டிக்குள் காத்துக்கொண்டிருக்கும். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். முந்தாநாளே நிரப்பியிருக்கலாம் என்று கத்தினேன், உங்கள் திமிரால்தான் என்றும் சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கத்தி முடிக்க விட்டார்.

கடைசியில் "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத" என்றார். "ரெண்டு வருசம்னு சொன்னனே, அது பொய். எட்டு மாசம்னுதான் அந்த ரூம்ல சொன்னாங்க."

பிடித்திருந்த அவர் கையை விட்டுவிட்டேன்.

"பயந்துக்காத. நான் சொல்றதைக் கேளு. என்னை மாதிரி ஆளுக்குக் குறைச்சுத்தான் சொல்லுவாங்க. நெசத்தைச் சொன்னா இவன் மருந்தைத் தின்னாம ஊரைச் சுத்துவான்னு அந்தம்மாவுக்குத் தெரியாதா? எட்டுன்னா அதுக்கு மேல நெம்ப மறைச்சு வெச்சிருப்பாங்க. அதைக் கூட்டித்தான் நான் உனக்கு ரெண்டு வருசம்னு சொன்னேன். அப்பிடிப் பாத்தா பொய்யுங்கூட இல்ல."

"இப்ப கார் பண்ணுனதைப் பாத்த பொறவும் இப்பிடிப் பேசறீங்களா?"

"கார் ஆளை மாத்திப் புரிஞ்சுக்கிச்சு. ஆஸ்பத்திரியில நான்தானே நேர்ல போய் உக்காந்தேன்?" என்றார். அவர் அதை அவ்வளவு உறுதியாகச் சொன்னதில் எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

யானைகள் விலகி, உதவி வண்டி வந்து பெட்ரோல் ஊற்றி, நாங்கள் ஆஸ்பத்திரியில் போய் நின்றபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. டாக்டர் ஜெசிந்தா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "செல் எல்லாம் போயிருச்சும்மா. மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பலாம். ஆறு வாரம் ஆகும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரை வார்டில் சேர்க்கச் சொன்னார்.

மறுநாள் காலை நவநீதன் வந்தான். காரின் பதிவுகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அவனை வராந்தாவின் கடைசிக்கு அழைத்துப் போனேன். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"ஆவணியில இருந்தே மச்சானைக் கார் நீன்னுதான் எழுதி வெச்சிருக்குதுக்கா. உடம்பு இத்தனை இளைக்கும்னு யாரும் நினைக்கல. ஆள் மாறுவாங்க, எடை மாறாதுன்னு எழுதியிருக்கோம்."

"அதை விடு. நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. இந்த ஆஸ்பத்திரியில எத்தனை நாள்னு சொல்றாங்களே, அதுவும் உங்க கம்பெனிக் கணக்கா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "ஆமா. போன வருசம் வாங்குனாங்க. நெசத்தை அப்பிடியே சொன்னா சிலபேர் மருந்தையே விட்டுர்றாங்க, சிலபேர் அன்னிக்கே படுத்துர்றாங்க. ஆளுக்கேத்தாப்பல சொன்னா மருந்தும் ஒழுங்காச் சாப்புடறாங்க, தெம்பாவும் இருக்கறாங்க."

"உன்ற மச்சான் இங்க புதுசா வந்தவரு. அவரு எப்பிடிப்பட்ட ஆளுன்னு இவங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"அது இன்சூரன்ஸ் வழியா வந்துரும். ஆளைப் பத்தின விவரம் எல்லாம் கார்ல இருந்துதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். அவன் முகத்தில் ரத்தம் வற்றுவதை நான் பார்த்தேன். அவனுக்கு முந்தி எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆவணியிலிருந்து கார் அவரை நான் என்று எழுதி வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வந்தது புரட்டாசியில்.

"அந்த எட்டு மாசம், பயந்தாங்கொள்ளிக்குச் சொன்ன எட்டு மாசம்" என்றேன்.

"அக்கா..."

"கூட்டிச் சொன்னது. மறைச்சு வெச்சது ஒண்ணும் இல்ல. எத்தனை கூட்டுவீங்க?"

அவன் என் முகத்தையே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "பாதிக்குப் பாதி இருக்கும். நாலு மாசம்னு வெச்சுக்கலாம்" என்றான்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். அதில் அவன் எத்தனை கூட்டினான் என்று நான் கேட்கவில்லை. மறுபடி மருந்து வரவே ஆறு வாரம் ஆகும். அந்தக் கழித்தலை என் மனசு கேட்காமலே போட்டுப் பார்த்தது. கணக்கு டீச்சராகப் பிறந்ததற்கு அன்று என்னையே சபித்துக்கொண்டேன்.

"இதைத் திருத்த முடியாதா?"

"முடியும். இன்னிக்கே சொல்லித் திருத்தலாம். ஆனா திருத்துனா மச்சானை மறுபடி அந்த ரூமுக்குக் கூப்புட்டுப் புதுக் கணக்கைச் சொல்லுவாங்க. அது அவருக்கேத்த கணக்கா இருக்கும். குறைச்சு." அவன் குரல் உடைந்தது. "ரெண்டு மாசம், ஒரு மாசம்னு சொல்லுமோ என்னமோ. என்ன பண்ணட்டும், நீயே சொல்லுக்கா."

ஆளைப் பார்த்து எண்ணைச் சொல்வது மோசடி என்று மாட்டுப்பொங்கல் அன்று சண்டை போட்டவள் நான். உள்ளது உள்ளபடி என்று கரும்பலகை முன்னால் நின்று வாழ்நாள் முழுக்கப் பேசியவள்.  "ஒண்ணும் பண்ண வேண்டாம், விட்டுரு" என்றேன்.

வார்டுக்குள் போனேன். வெயில் ஜன்னல் வழியாக அவர் போர்வை மேல் விழுந்திருந்தது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து எனக்காகவே காத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள வந்தானா? என்ன சொன்னான்?"

"காரைச் சரி பண்ணிட்டானாம். இனி உங்களை நீங்கன்னே தெரிஞ்சுக்குமாம்."

"அது கெடக்கட்டும். இந்த ஆஸ்பத்திரிக் கணக்கைக் கேட்டியா?"

"கேட்டேனுங்க. அதுவும் இவன் கம்பெனிதானாம்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் சொல்லல? எனக்குக் குறைச்சுத்தான சொல்லியிருக்காங்க?"

அவர் கண்ணை நேராகப் பார்த்தேன். பாதி டேங்க்குக்கே பதறுகிறவள் நான். எங்கிருந்து அந்தத் தெம்பு வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"குறைச்சுத்தானாம்" என்றேன்.

"எத்தனை?"

"எப்பவும் போலத்தானுங்க. பூஜ்ஜியத்துக்குப் பொறவு அம்பது."

எந்தத் திரையையும் எந்த விளக்கையும் நம்பாதவர், கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேனுங்க" என்றேன்.